பெரியவளும் சின்னவளும்

"நீ வாசிக்க வேணாம். சும்மா கையை ஆட்டினா போதும்" என்றான் அண்ணன்.

டீ குடித்துக்கொண்டே சொன்னான். சர்க்கரை கம்மி என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். என் கையிலிருந்த டம்ளர் அவன் தலையில் போய் இறங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் என் பொறுமை இல்லை. டம்ளரில் இன்னும் டீ இருந்தது, அவ்வளவுதான்.

எங்களுடையது சின்னக் குழு. நான் கிடார். அண்ணன் கீபோர்டு, தலைவனும் அவன்தான். பாடுவது அண்ணி. டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு டமாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்; வாயும் அப்படித்தான். கம்பெனி விழா, கல்லூரி விழா, கடைத் திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்துவிட்டு வருவோம். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

"கையை ஆட்டறதுக்கு நான் எதுக்கு? ரயிலேத்திவிட வர்றவங்க யாரையாவது கூட்டிட்டு வந்து நிக்க வை" என்றேன்.

"வாயாடாதே. போன தடவை என்ன ஆச்சு?"

போன தடவை என்ன ஆனது என்று நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவன் பேசுவதுதான் நியாயம் என்று உங்களுக்குத் தோன்றிவிடும்.

அண்ணன் மெட்டுப் போட்ட சொந்தப் பாட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. எங்கே போனாலும் அதைத்தான் கடைசியில் வைப்போம். முதல் பாதி முழுக்க மரக் கிடார், மெதுவாக, காதோடு பேசுகிற மாதிரி. நடுவில் அண்ணி ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து மூச்சு தீரும்வரை இழுப்பாள். அது முடிகிற இடத்தில் டமாரம் புகுந்து அடிப்பான், நான் எலெக்ட்ரிக் கிடாரில் தீயாய் ஆரம்பிக்க வேண்டும். அதாவது அண்ணியின் மூச்சு முடிவதற்குள் நான் ஒரு கிடாரை விட்டுவிட்டு இன்னொன்றைக் கையில் எடுத்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கு எங்கள் குழுவில் 'மூச்சு' என்றே பெயர். "மூச்சுல சொதப்பிடாதே" என்றால் எங்களுக்கெல்லாம் புரியும்.

போன தடவை மூச்சில் சொதப்பினேன். எலெக்ட்ரிக் கிடாரைத் தோளில் மாட்டும்போது பட்டை சரியாகக் கொக்கியில் உட்காரவில்லை. கிடார் தடாரென்று மேடையில் விழுந்தது. ஒலிபெருக்கி வழியாக வந்த அந்தச் சத்தத்தில் மேலேயிருந்து விளக்கு விழுந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. அது என் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் கால் தடுக்கினால் அதற்காகக் காலையே வெட்டிப் போட்டுவிடுவார்களா?

அண்ணன் அதைத்தான் செய்யப் பார்த்தான். லேப்டாப்பும் கையுமாக ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒத்திகையில் நாங்கள் வாசித்ததையெல்லாம் அந்த ஆள் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். மேடையில் அந்த ட்ராக் ஓடிக்கொண்டே இருக்கும்; வேண்டியதைத் திறந்துவிடலாம், வேண்டாததை மூடிவிடலாம். பட்டனை அமுக்குவதைத் தவிர வேறு ஒன்றும் செய்வதில்லை என்பதால் டமாரம் அவருக்குப் பட்டன் என்று பெயர் வைத்துவிட்டான்.

"அதுல இருக்கறதும் உன் வாசிப்புதான். வேற யாரோட கையும் இல்ல" என்றான் அண்ணன்.

"அது போன வாரத்துக் கை. இந்த வாரத்துக் கை இதோ இருக்கு, பாரு" என்று அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்தான். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அப்போது அது புரியவில்லை. தோற்றுப்போய்த் திருப்பிக்கொள்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆண்டு விழா. அதில் நான் மூச்சைத் தடங்கல் இல்லாமல் கடந்துவிட்டால் அண்ணன் ட்ராக் பேச்சையே எடுக்க மாட்டான். தடுமாறினால் பட்டன் அந்த நொடியே என் பதிவைத் திறந்துவிடுவார். அன்றையிலிருந்து நான் எல்லா மேடையிலும் கிடாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்மை.

"சம்மதமா?"

"சம்மதம். ட்ராக்கை மூட்டை கட்டி வெச்சுக்க" என்றேன்.

வழக்கமாக எங்கள் சண்டையில் அண்ணி என் கட்சி. நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் ஊர் கண்ணே பட்டுவிடும் என்று டமாரம் கிண்டல் செய்வான். அன்றைக்கு அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கழுவின டம்ளர்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கடுப்பு.

அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் பண்ணின அமர்க்களம் கொஞ்சநஞ்சமில்லை. மாற்றுகிற முறையையே மாற்றிவிட்டேன். மரக் கிடாரைத் தோளில் மாட்டுவதே கிடையாது. மார்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட். அதன் தலையில் மரக் கிடாரைப் படுத்த வாக்கில் இறுக்கி மாட்டிவிடுவது. நான் அதன் முன்னால் நின்றபடியே வாசிப்பேன். எலெக்ட்ரிக் கிடார் முதலிலிருந்தே என் உடம்பில் இருக்கும், ஆனால் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, சத்தத் திருகையும் மூடிவிட்டு. மூச்சு வந்ததும் இடது உள்ளங்கையால் மரக் கிடாரின் தந்திகளை அமுக்கி அடக்க வேண்டும். காலை அரை அடி பின்னால் வைக்க வேண்டும். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் முதுகிலிருக்கும் கிடார் வயிற்றுக்கு வந்துவிடும். சுண்டுவிரலால் திருகைத் திறந்தால் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. முதல் நாள் சுழற்றின சுழற்றலில் அலமாரியிலிருந்த பாத்திரம் இரண்டு கீழே வந்தது. இரண்டாம் நாள் கிடாரின் கழுத்து கதவில் இடித்தது. அண்ணி சமையலறையில் நின்றுகொண்டு எனக்காக அந்த ஒற்றை ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்டி, இன்னும் எவ்வளவு நேரம் இழுக்கறது? எனக்கென்ன நுரையீரல் ரப்பர்லயா பண்ணியிருக்கு?"

"இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணி."

"இதையே காலையிலேர்ந்து சொல்றே. அங்க மேடையில என்னால கொஞ்சம்கூட அதிகமா இழுக்க முடியாது, ஞாபகம் வெச்சுக்கோ. ட்ராக் ஓடிட்டே இருக்கும். அது உனக்காக நிக்காது."

அது உண்மை. முன்பெல்லாம் நான் தயாராகும்வரை அண்ணி கண்ணால் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொடுப்பாள். இப்போது டமாரத்தின் காதில் ஒரு ஹெட்போனை மாட்டி, அதற்குள் பட்டன் டிக் டிக் என்று தாளம் அனுப்புகிறார். அந்த டிக்குக்குத்தான் எல்லோரும் கட்டுப்பட்டவர்கள்.

வியாழக்கிழமைக்குள் இடுப்பு பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு மாற்றினேன். இரண்டு கிடாருக்கும் நடுவே ஒரு பிசிறு, ஒரு டப், ஒன்றும் கிடையாது. அண்ணி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அந்த வாரம் முழுக்கத் தன் கீபோர்டைத் தொடவே இல்லை. கேட்டால், "எனக்கு எல்லாம் மனப்பாடம்" என்றான். மூஞ்சியைப் பார், மனப்பாடமாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போனோம். கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தையே அரங்கமாக்கியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம், குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மேடைப் பலகை ஒரு பக்கம் லேசாக ஆடியது. என் ஸ்டாண்டை ஆடாத பக்கமாகப் பார்த்து நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

எங்களுடைய வழக்கமான சவுண்ட்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்த அரங்கத்துக்கே பழக்கமான வேறொருவர் வந்திருந்தார். நல்ல மனுஷர், வாய் நிறைய அம்மா அம்மா என்று கூப்பிட்டார். கூடத்தின் கடைசியில் மிக்ஸரோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. டிரம்ஸ் பலமாகக் கேட்கிற நேரத்தில் மரக் கிடாரின் மைக் திறந்திருந்தால் அது 'உய்ங்'கென்று ஊளையிட ஆரம்பித்துவிடும். அதனால் மூச்சு வருகிற இடத்தில் அவர் அதை மட்டும் மூட வேண்டும். வேறு வேலை எதுவும் இல்லை. காரணத்தையெல்லாம் விளக்காமல் வேலையை மட்டும் போய்ச் சொன்னேன்.

"கடைசிப் பாட்டுல எங்க அண்ணி ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடிப்பாங்க. அப்ப நீங்க சின்னவளை மூடிடுங்க. பெரியவ திறந்தே இருக்கட்டும்."

"யாரும்மா?"

"கிடாரைச் சொல்றேன். எங்க வீட்ல அப்படித்தான் கூப்பிடுவோம். சின்னவ, பெரியவ."

அவர் மேடையைப் பார்த்தார். இரண்டு கிடாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "நல்லாருக்கும்மா பேரு. சின்னவளை மூடணும், பெரியவளை விட்டுடணும். நீங்க கவலையே படாதீங்க."

நானும் கவலையே படவில்லை.

மற்ற பாட்டுகள் நன்றாகவே போயின. அண்ணனின் கீபோர்டு அன்றைக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஒரு ஸ்வரம்கூட இடறவில்லை. தொட்டுப் பார்க்காமலே இப்படி வாசிக்கிறானே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கடைசிப் பாட்டு வந்தது. எலெக்ட்ரிக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு ஸ்டாண்டின் முன்னால் போய் நின்றேன். மரக் கிடாரை மெல்ல மீட்ட ஆரம்பித்ததும் கூடம் அடங்கியது. அண்ணி பாடினாள். அண்ணன் என்னைப் பார்த்தான், பட்டனைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பார்த்துக்கோடா மகனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூச்சு வந்தது. அண்ணி அந்த ஸ்வரத்தைப் பிடித்தாள்.

உள்ளங்கை அமுக்கியது. கால் பின்னால் போனது. இடுப்பு வெட்டியது. கிடார் கழுத்து வந்து என் இடது கைக்குள் தானாக உட்கார்ந்துகொண்டது. சுண்டுவிரல் திருகைத் திறந்தது. அண்ணியின் மூச்சில் இன்னும் பாதி மிச்சமிருந்தது! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. அவள் முடித்தாள், டமாரம் புகுந்தான், நான் ஓங்கி மீட்டினேன்.

சத்தமே இல்லை.

மறுபடி மீட்டினேன். செத்த தந்தி மாதிரி கிடந்தது. திருகைப் பார்த்தேன், திறந்திருந்தது. கேபிளைப் பார்த்தேன், இருந்தது. அப்போதுதான் எனக்கு முன்னால் ஸ்டாண்டில் இருந்த மரக் கிடார் லேசாக 'உய்ங்'கென்று முனக ஆரம்பித்தது. டிரம்ஸ் சத்தத்துக்கு முனகுகிறது என்றால் அது திறந்திருக்கிறது. அப்படியானால் அவர் மூடினது எதை?

அட கடவுளே. சின்னவள்.

எங்கள் வீட்டில் முதலில் வந்தவள் பெரியவள். அது இந்தச் சிவப்பு எலெக்ட்ரிக். மெலிந்த உடம்பு, பலகை மாதிரி தட்டை. பிறகு வந்தவள் சின்னவள், அந்த மரக் கிடார். வயிறும் இடுப்புமாக இவளைவிட இரண்டு மடங்கு இருப்பாள். மனுஷர்களுக்கு முறை சொல்கிற மாதிரி எங்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வந்த மனுஷர் என்ன செய்வார்? உருவத்தைப் பார்த்தார். எது சின்னதாக இருந்ததோ அதைச் சின்னவள் என்று நினைத்து மூடிவிட்டு நிம்மதியாகக் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதையெல்லாம் நான் நினைத்து முடிப்பதற்குள் அண்ணன் பட்டனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டான். ஒலிபெருக்கியில் என் கிடார் கேட்டது. போன வாரத்து என் வாசிப்பு, சுத்தமாக, பளபளவென்று.

கூட்டம் கை தட்டியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கிடார் என் வயிற்றில் இருக்கிறது, கிடார் சத்தமும் வருகிறது, அதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரியும்? நான் விரலை அப்படியும் இப்படியும் ஓட்டினால் போதும். எல்லாம் சுபம். மானம் தப்பிக்கும், விழா தப்பிக்கும். அண்ணன் புருவத்தை உயர்த்தி, ஆட்டு, ஆட்டு என்று கண்ணாலேயே கெஞ்சினான். என் விரல்கள் தந்தி மேல்தான் இருந்தன. ஓட்டியிருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. நான் தடுமாறவில்லை. மூச்சில் பாதியை மிச்சம் வைத்து மாற்றினவள் நான். பிறகு எதற்காக நான் ஆட்ட வேண்டும்?

இரண்டு கையையும் கிடாரிலிருந்து எடுத்தேன். தலைக்கு மேலே தூக்கினேன். பத்து விரலையும் நன்றாக விரித்துக் காட்டினேன்.

கிடார் அதன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

முதலில் முன்வரிசையில் ஓர் அம்மாள் சிரித்தாள். "ஐயோ, அந்தப் பொண்ணு வாசிக்கவே இல்ல, ஆனா வருது பாருங்க!" என்று பக்கத்திலிருந்தவரை இடித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பின்னாலிருந்து திரும்பி வரும்போது அது சிரிப்பாக இல்லை. யாரோ விசிலடித்தார்கள். "எல்லாம் ரெக்கார்டுப்பா! ஏமாத்துறாங்க!" என்று ஒரு குரல். நான் கையை இறக்கவில்லை. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பட்டனுக்கு வியர்த்துக் கொட்டியது. எதை மூடுவது என்று தெரியாமல் அவர் மொத்த ட்ராக்கையும் நிறுத்திவிட்டார்.

கிடார் நின்றது. கூடவே கீபோர்டும் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் விரல்கள் இன்னும் கீபோர்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் வரவில்லை. பிறகு அவனுக்கும் தெரிந்து நிறுத்தினான். நிறுத்தின பிறகுதான் அந்தக் கையை ஒழுங்காகப் பார்த்தேன். வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிக் கிடந்தன. அவன் அவற்றை நிமிர்த்தப் பார்த்தான். அவை நிமிரவில்லை.

அண்ணி என் பக்கத்தில் வந்தாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். "ரொம்ப நாளாவே அப்படித்தான். எந்த மருந்துக்கும் கேக்கல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, கோபம்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு முழுக்க நான் பொறாமைப்பட்ட வாசிப்பு எல்லாம், பட்டன் தப்பையெல்லாம் திருத்தி ஒட்டவைத்த ட்ராக். கீபோர்டுக்கு மட்டும் ட்ராக் போட்டால் அவன் விஷயம் வெளியே தெரிந்துவிடும். தங்கச்சி தடுமாறுகிறாள், அதனால் ட்ராக் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தன் கையை மறைக்க என் கையைக் கேட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன, ஊர் முழுக்கத் தண்டோரா போட்டிருப்பேனா?

டமாரம் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்துக்கொண்டே இருந்தான். அவன் மட்டும் நிறுத்தவே இல்லை, அதற்காக அவன் வாயையெல்லாம் நான் மன்னித்துவிடலாம். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நான் எலெக்ட்ரிக்கை மறுபடி முதுகுக்குத் தள்ளினேன். திறந்திருந்தது மரக் கிடார்தானே? அதன் முன்னால் போய் நின்று, எலெக்ட்ரிக்கில் வாசிக்க வேண்டியதை அதில் வாசித்தேன். தடித்த தந்தி, விரல் நுனி எரிந்தது. இரண்டு ஸ்வரம் வழுக்கியது. வழுக்கட்டும். வழுக்கினதும் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

எழுந்தவர்கள் போகாமல் நின்றார்கள்.

அந்த இடத்துக்கு அடுத்தது கேள்வி பதில். கிடார் ஒரு வரி கேட்கும், கீபோர்டு அதற்குப் பதில் சொல்லும். நான் கேள்வியை வாசித்தேன். பதில் இல்லை. டமாரம் அதே தாளத்தை இன்னொரு சுற்று அடித்தான். மறுபடி கேட்டேன். அண்ணன் அசையவில்லை. மேடையிலிருந்து இறங்குகிற படியைப் பார்த்தான். போய்விடுவான் என்று எனக்குப் பயம் வந்தது. இப்போது இறங்கினால் அவன் இனி எந்த மேடையிலும் ஏற மாட்டான். பிறந்ததிலிருந்து அவனைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே?" என்று கத்தினேன். அண்ணனை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு கை பாருடா!"

கத்தின பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவனுக்கும் உறைத்தது. தன் இடது கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கடித்துத் துப்பிவிடுகிற மாதிரி ஒரு பார்வை. வலது கையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, இடுப்பில் வைத்துக்கொண்டான். இடது கையால் கீபோர்டின் மூடியிருந்த சத்தத் திருகைத் திறந்து, அதே கையால் வாசித்தான்.

நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கனமாக இருந்தது, கீழ் ஸ்தாயியில், மெதுவாக. ஒரு ஸ்வரம் தப்பு. டமாரம் சத்தம் போடாமல் தாளத்தை அவனுக்காகக் கொஞ்சம் தளர்த்தினான். ஆனால் என் கேள்விக்கு அது பதில். நான் அடுத்ததைக் கேட்டேன். அவன் அதற்கும் சொன்னான். முன்வரிசை அம்மாள் உட்கார்ந்தாள்.

அண்ணி மைக்கில் பேசினாள், பாட்டுக்கு நடுவே, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "சவுண்ட் அண்ணா, அந்த சிவப்பு கிடாரைத் திறந்து விடுங்க. சின்னது பெரிசெல்லாம் மறந்துடுங்க, சிவப்பு!"

கடைசியிலிருந்து அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். திறந்தாயிற்று.

இப்போது நான் மாற்ற வேண்டும். ஆனால் இந்த இடத்தில் மூச்சு கிடையாது. அண்ணி இழுக்க இங்கே ஸ்வரம் இல்லை, எழுதின பாட்டில் எனக்கென்று ஒரு இடைவெளியும் இல்லை. நான் அண்ணனைப் பார்த்தேன்.

"மாத்திக்கோ" என்றான். "நான் புடிச்சு வெக்கறேன்."

தன் பதிலை முடிக்காமல் திருப்பினான். அதையே மறுபடி வாசித்தான். இன்னும் ஒரு தடவை சுற்றினான். வியர்வை அவன் மூக்கில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. நான் உள்ளங்கையால் தந்தியை அடக்கினேன், காலைப் பின்னால் வைத்தேன், இடுப்பை வெட்டினேன். இந்தத் தடவை எனக்கு அவசரமே இல்லை. அவன் காத்திருந்தான். திருகைத் திறந்தேன், அவன் கடைசி ஸ்வரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே என் முதல் ஸ்வரம் கிளம்பியது. நடுவில் ஒரு முடி நுழைய இடமில்லை.

கூடம் என்ன செய்தது என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. பட்டன் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

அடுத்த கேள்வியை வேண்டுமென்றே கஷ்டமாகக் கேட்டேன். இரண்டு கை இருந்தாலும் திணற வேண்டிய கேள்வி. டா போட்டதற்கு அவன் வீட்டில் என்னைப் பிடித்துக்கொள்வான் என்று தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் கேட்டேன். நான் முடிப்பதற்குள்ளேயே அவன் குறுக்கே விழுந்து இடது கையால் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நானும் நிறுத்தவில்லை.